ஒன்பது பெயர்களை மீட்டுவந்த அம்மையாருக்கு

எண்ணூர், கழிமுகச் சாலை அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் திருமதி பச்சையம்மா அவர்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில், பள்ளிக் குடும்பத்தார் அன்போடு படித்தளிக்கும் பாராட்டு மடல்.

கடற்காற்றும் கரித்தூளும் கலந்து வீசும் கழிமுகக் கரையில் கல்விக்குக் காவல் நின்ற கண்ணியமே! கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறி, கூட்ட நெரிசலில் கால் ஊன்றி, எட்டாண்டுக் காலமும் எட்டரை மணிக்கு முன்பே எங்கள் வாயிலில் வந்து நின்ற வற்றாத ஊக்கமே! கண்டிப்பைக் கண்ணிலும் கனிவைக் கையிலும் வைத்திருந்த கருணைப் பெருந்தகையே! வியாசர்பாடி பெற்றெடுத்து, வடசென்னை வளர்த்தெடுத்து, எண்ணூர் தத்தெடுத்துக்கொண்ட எங்கள் ஏந்தலே! வணக்கம்.

இதற்குமேல் விளித்தால் வம்பு. அம்மையார் போன வாரமே ஆசிரியர் அறைக்கு வந்து எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

"மடல் கிடல்னு எத்தையாவது எழுதிக்கினு வந்து, கடலே மலையேன்னு என் மூஞ்சிக்கு நேரா படிச்சீங்கன்னா, நான் பாட்டுக்கு எழுந்து வூட்டுக்குப் பூடுவேன். சொல்லிட்டேன்."

ஆகவே, அவையோரே, இனி இந்த மடல் உங்களைப் பார்த்துத்தான் பேசும். அம்மையார் காதில் விழாததுபோல் உட்கார்ந்திருக்கலாம், காப்பி குடிக்கலாம், மின்விசிறியைப் பார்க்கலாம். எழுந்து போவதுதான் நடக்காது. வாசலில் உடற்கல்வி ஆசிரியரை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இம்மடலை எழுதியவர் தமிழாசிரியர் அய்யாத்துரை. திருவொற்றியூரில் அவருடைய அப்பா வைத்திருந்த மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டே இலக்கணம் படித்தவர். இந்தப் பள்ளியில் யார் ஓய்வு பெற்றாலும் மடல் எழுதுவது அவர்தான். இதுவரை எழுதியவை பதினான்கு. உண்மையைச் சொன்னால் அவர் எழுதியது ஒன்றே ஒன்று. மற்ற பதின்மூன்றிலும் பெயரை மட்டும் மாற்றினார். நான்காண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியரைப் பார்த்து, அவைக்கு நடுவில், "தையற்கலைத் திலகமே! ஊசி முனையில் உலகை அளந்தவரே!" என்று அவர் கம்பீரமாகப் படித்ததும், ஓவிய ஆசிரியர் தன் முறுக்கு மீசையைத் தடவிக்கொண்டு அதை ஏற்றுக்கொண்டதும் பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பழைய அச்சில் இந்த மடலையும் வார்க்கத்தான் அவர் உட்கார்ந்தார். மூன்று நாட்களுக்கு முன்பு ஒரு கோப்பு அவர் கைக்கு வந்தது. அதன் பிறகு அந்த அச்சைத் தூக்கிப் போட்டுவிட்டார். அது என்ன கோப்பு என்பதைக் கடைசியில் சொல்கிறோம். முதலில் தொடக்கத்திலிருந்து வருவோம்.

எட்டாண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்டு மாதக் காலையில், பருத்திப் புடவையும் தோளில் ஒரு துணிப் பையுமாகப் பதவி உயர்வில் இங்கே வந்து சேர்ந்தார் பச்சையம்மா. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகள். வியாசர்பாடி குடியிருப்பின் மூன்றாம் மாடியில் மாநகராட்சிக் குழாய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றபடியே பட்டம் வாங்கியவர். மேசைமேல் உள்ளங்கை அளவு புத்தர் சிலை ஒன்றை வைத்தார். வேறு எந்த ஜோடனையும் இல்லை.

அந்நாளில் நம் பள்ளி வாயிலில் ஒரு பெரிய பலகை இருந்தது. "பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தொடர்ந்து ஆறாண்டுகள் நூறு விழுக்காடு தேர்ச்சி" என்று சிவப்பு எழுத்தில் மின்னும். புதிதாக வருகிறவர்கள் முதலில் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பச்சையம்மா அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். உள்ளே வந்து, முந்தைய ஆண்டின் பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டையும், அதற்கும் முந்தைய ஆண்டின் ஒன்பதாம் வகுப்புப் பதிவேட்டையும் கேட்டார். மாலையில் எங்களை அழைத்தார்.

"ஒம்போதாவதுல அறுபத்தி நாலு பேரு இருந்துக்கிறாங்க. பத்தாவது பரீட்சை எழுதினது அம்பத்தி மூணு. மீதி பதினோரு பேரு எங்க?"

எங்கே என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தேர மாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளைப் பரீட்சைக்கு முன்பே கழற்றிவிடுவதற்கு ஆசிரியர் அறையில் 'வடிகட்டுறது' என்று பெயர். பெற்றோரை அழைத்து, "இங்கே எழுதினா பெயிலாயிடும், தனியா எழுதிக்கட்டும்" என்று பேசி, ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுவது. மிச்சம் இருப்பவர்கள் எழுதுவார்கள், தேறுவார்கள், பலகை மின்னும். தனியாக எழுதிக்கொள்ளச் சொன்ன பிள்ளைகளில் எத்தனை பேர் எழுதினார்கள் என்று நாங்கள் ஒருநாளும் விசாரித்ததில்லை. கெட்ட எண்ணத்தோடு செய்தோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நூறு போனால் பள்ளியில் சேர்க்கை போகும், பக்கத்துத் தனியார் பள்ளிக்குக் கூட்டம் போகும், ஆய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியரை நிற்க வைப்பார்கள் என்று உண்மையாகவே பயந்தோம்.

"இந்த வருசம் ஒரு பேரு கொறையக் கூடாது" என்றார் பச்சையம்மா. அதோடு கூட்டம் முடிந்தது.

பத்தாம் வகுப்பில் அறுபத்திரண்டு பேர். காலாண்டுத் தேர்வுத் தாள்கள் வந்தபோது கணக்காசிரியர் சுப்பராயன் ஒன்பது பேரைச் சிவப்பு மையில் வட்டமிட்டார். அவர் பொய்யான ஆள் இல்லை. பொன்னேரியிலிருந்து ரயிலில் வந்து, கரும்பலகையே தேயும்படி கணக்குப் போட்டவர். அவரும் அய்யாத்துரையும் கலந்து பேசினார்கள். அம்மா புதிது, ஊர் நிலவரம் தெரியாது, மே மாதம் மாவட்டக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அசிங்கப்படப் போகிறார், அதற்கு முன் நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்தார்கள். காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள், அதுதான் வேடிக்கை.

நவம்பரில் அம்மையார் மூன்று நாள் பயிற்சிக்குப் போனார். அந்த மூன்று நாளில் ஒன்பது தாள்களில் பெற்றோர் கையெழுத்து வாங்கப்பட்டது. மூன்றாம் நாள் மாலை, தலைமையாசிரியரின் கணினி முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். கல்வித் துறையின் இணையதளத்தில் பொதுத் தொகுப்பு என்று ஓர் இடம் உண்டு. எந்தப் பள்ளியிலும் இல்லாத பிள்ளைகளின் பெயர்கள் அங்கே போய்க் கிடக்கும். ஏதாவது ஒரு பள்ளி எடுத்துக்கொள்ளும்வரை கிடக்கும். தலைமையாசிரியரின் கடவுச்சொல் இல்லாமல் ஒரு பெயரையும் அங்கே தள்ள முடியாது. அந்தக் கடவுச்சொல்லோ, எல்லோருக்கும் வசதியாக இருக்கட்டும் என்று, கணினித் திரையின் ஓரத்திலேயே துண்டுச் சீட்டில் ஒட்டப்பட்டிருந்தது. சுப்பராயன் பெயர்களைப் படித்தார். விசையை அழுத்திய விரல் அய்யாத்துரையுடையது. இந்த மடலை எழுதியதும் அதே விரல்தான். மற்ற நாங்கள் அறைக்கு வெளியே நின்று, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற முகத்தோடு டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை மணி அடிப்பதற்குள் வாயிலில் ஒரு குரல் கேட்டது. நெட்டுக்குப்பத்து நீலா, இடுப்பில் சொருகிய சேலையும் கையில் பிடித்த மகளுமாக நின்றுகொண்டிருந்தார். மகள் கார்குழலி பத்தாம் வகுப்புச் சீருடையில், தலை குனிந்து நின்றாள்.

"இன்னா மேடம் இது? எம் பொண்ணு பேரே இஸ்கூல்ல இல்லன்றாங்க! கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன். மீன் கூடைய வாசல்ல வச்சிட்டு வந்தவ நானு. படிச்சிப் பாத்துக்கினா இருக்க முடியும்? பொண்ணு ராவெல்லாம் அழுதுகினே கீது. படிப்பு இல்லன்னா எறா உரிக்கிற கம்பெனிக்குப் போவட்டும்னு அவங்க அப்பன் சொல்லிட்டான்."

பச்சையம்மாவுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ரயிலிலிருந்து இறங்கி நேரே வந்தவர். எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். அந்த ஒரு சுற்றில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"இரு நீலா. மொதல்ல பொண்ணு கிளாசுக்குப் போவட்டும்."

"அதான் பேரு இல்லியே மேடம்?"

"பேரு இல்லன்னா இன்னா, ஆளு கீதில்ல? போம்மா, போய் உன் எடத்துல குந்து."

கார்குழலி ஓடினாள். அன்றிலிருந்து பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் முடிய மீதமிருந்தது பதினொரு நாள். அதற்குள் பெயர் பள்ளிக்குத் திரும்பாவிட்டால் அவளும் மற்ற எட்டுப் பேரும் அந்த மார்ச்சில் தேர்வு மண்டபத்துக்குள் நுழையவே முடியாது. அதற்கடுத்த மார்ச்சு வரைக்கும் எறா கம்பெனி காத்திருக்காது. அப்பன்மார்களும் காத்திருக்க மாட்டார்கள்.

எங்களை அறைக்கு அழைத்தார். கத்துவார் என்று தயாராகப் போனோம். கத்தவில்லை. துண்டுச் சீட்டைத் திரையிலிருந்து உரித்தெடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

எல்லோருக்கும் தெரியும். அய்யாத்துரைதான் எழுந்து நின்றார். "மேடம், உங்களுக்காகத்தான் செஞ்சோம். இதுங்க பெயிலானா மே மாசம் உங்க தலையைத்தான் உருட்டுவாங்க. கெட்ட பேரு உங்களுக்குத்தான் வரும்" என்றார்.

பச்சையம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வந்தால் அவருக்கு வியாசர்பாடி நாக்கில் இன்னும் ஒரு படி ஏறும்.

"அந்தக் கெட்ட பேரு எனக்குத்தானே சார் வருது? அத்த எங்கிட்ட குடுத்துடுங்க. புள்ளைங்கள புடுங்கிக்கினு போவாதீங்க."

அன்று மதியமே துணிப் பையை எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குக் கிளம்பினார். மறுநாளும் போனார். மூன்றாம் நாள் மாலை திரும்பி வந்தபோது ஒன்பது பெயர்களும் பள்ளிக்குத் திரும்பியிருந்தன. "எப்படி மேடம்?" என்று கேட்டோம். "பேசினேன்" என்றார். எட்டாண்டுகளாக எங்களுக்குத் தெரிந்தது அந்த ஒற்றைச் சொல்தான்.

பெயர் திரும்பினால் போதுமா? கணக்கு வர வேண்டாமா? அங்கேதான் எங்கள் தலைமையாசிரியரின் திறத்தைப் பார்த்தோம். பிள்ளைகளை ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு முன், நாம் எப்போது வருகிறோம் என்று கணக்கெடுத்தார். பத்தாம் வகுப்புக்கு முதல் பாடவேளை கணக்கு. சுப்பராயன் வருவது கும்மிடிப்பூண்டி மார்க்க ரயிலில். அந்த ரயில் விரைவு வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் வழிவிட்டு அத்திப்பட்டில் நின்றால், நின்றதுதான். ஜூன் முதல் நவம்பர் வரை முப்பத்தொரு நாள் கணக்கு வகுப்பு பாதியில் தொடங்கியிருந்தது, அல்லது தொடங்கவே இல்லை. சுப்பராயன் மேல் தப்பில்லை. ரயிலைத் திருத்தவும் நம்மால் ஆகாது. கால அட்டவணையைத் திருத்த ஒரு ரப்பரும் பென்சிலும் போதும். கணக்கு மூன்றாம் பாடவேளைக்குப் போனது. முதல் பாடவேளைகள் நடந்து வரும் தூரத்தில் இருப்பவர்களுக்கு வந்தன. இருபது ஆண்டுகளாக இதே பள்ளியில் இதே ரயிலைத் திட்டிக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

வகுப்புகளின் கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார். மற்ற அதிகாரிகள் வந்தால் ஆசிரியர் எப்படி நடத்துகிறார் என்று எழுதுவார்கள். இவர் எழுதியது, பிள்ளைகள் எவ்வளவு நேரம் வாய் திறந்தார்கள் என்று. அய்யாத்துரையின் செய்யுள் வகுப்பு முடிந்ததும் நீட்டிய சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: "ஐயா, முப்பத்தெட்டு நிமிடம். பிள்ளைகள், இரண்டு நிமிடம்." அய்யாத்துரை ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாவது நாள், பாதி வகுப்பைப் பிள்ளைகளிடம் விட்டார். கடைசி வரிசையில் இருந்த கார்குழலி அன்று ஒரு செய்யுளுக்கு நெட்டுக்குப்பத்துத் தமிழில் பொருள் சொன்னாள்; அவர் இருபதாண்டுகளாகச் சொல்லிவந்த பொருளைவிட அது நன்றாக இருந்ததை இங்கே ஒப்புக்கொள்கிறார்.

எங்களையும் அவர் காத்தார். கணக்கெடுப்பு, படிவம், புள்ளிவிவரம் என்று வகுப்பு நேரத்தில் ஆசிரியரைக் கேட்டு யார் வந்தாலும், "பெல் அடிச்சப்புறம் வாங்க" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார். விடுப்பில் போனவரின் வகுப்புக்குத் தானே போய் நிற்பார். அந்த ஆண்டு இப்பள்ளியில் ஆளில்லாத வகுப்பு என்று ஒன்று கிடையாது.

மே மாதம் முடிவு வந்தது. அறுபத்திரண்டு பேர் எழுதினார்கள். ஐம்பத்திரண்டு பேர் தேறினார்கள். நூறு போய் எண்பத்துநாலு ஆனது.

இப்போது அவையோர் கவனிக்க வேண்டும். சுப்பராயன் வட்டமிட்ட ஒன்பது பேரில் ஐந்து பேர் தேறியிருந்தார்கள். தவறிய பத்துப் பேரில் ஆறு பேர், நிச்சயம் தேறுவார்கள் என்று நாங்கள் வட்டமிடாமல் விட்டவர்கள். இத்தனை ஆண்டுகள் யாரை வடிகட்டினோம், எதைக் கொண்டு வடிகட்டினோம் என்று அன்று ஆசிரியர் அறையில் யாரும் யாரையும் கேட்கவில்லை. சுப்பராயன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

கார்குழலி தவறியவர்களில் ஒருத்தி. கணக்கில் இருபத்தேழு.

மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில், தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களை நிற்க வைத்தார்கள். நூறிலிருந்து விழுந்தவர் இவர் ஒருவரே என்பதால் கொஞ்சம் அதிக நேரம் நிற்க வைத்தார்கள். மறுநாள் வந்தார்.

"நிக்க வச்சாங்க, நின்னேன். முட்டி கொஞ்சம் பேஜாரு பண்ணுச்சு. அத்த வுடுங்க. ஜூன்ல துணைத்தேர்வு வருது. லீவுல கிளாஸ் எடுக்க யாரு யாரு வர்றீங்க?"

முதலில் கை தூக்கியவர் சுப்பராயன். அந்தக் கோடையில் அனல் காற்றடிக்க, வானத்திலிருந்து அனல்மின் நிலையத்துச் சாம்பல் மெல்லியதாக இறங்க, பத்துப் பிள்ளைகளும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். ஏழு பேர் தேறினார்கள்; கார்குழலிக்கு ஐம்பத்தொன்று. இருவர் அடுத்த ஆண்டு தேறினார்கள். ஒருவன் மட்டும், நிலவன், படிப்பை விட்டு மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்விட்டான். அவன் பெயரைப் பச்சையம்மா மறந்ததில்லை. "அவன் எங்கிட்ட இருந்து போனவன்" என்று இன்றைக்கும் சொல்வார்.

பிறகு பெயின்டரை அழைத்து வாயில் பலகையை அழித்தார். புதிய பலகையில் மூன்று கட்டங்கள்: ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்கள், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள், தேறியவர்கள். "விழுக்காடு எங்க போடணும்மா?" என்று கேட்ட பெயின்டரிடம், "பாக்கறவங்க போட்டுக்குவாங்க" என்றார். எதிர் டீக்கடையில் சிரித்தார்கள். எங்களுக்கும் அந்தப் பக்கம் போகக் கூச்சமாகத்தான் இருந்தது. கொரோனா ஆண்டுகளில் எல்லோருக்கும் தேர்ச்சி என்று அரசு அறிவித்தபோது, நூறு என்று எழுதிக்கொள்ள நல்ல சாக்குக் கிடைத்தது. அந்த வரியில் "தேர்வு நடக்கவில்லை" என்று எழுதச் சொன்னார்.

இந்த ஆண்டுக் கட்டங்களை நீங்கள் வரும்போதே பார்த்திருப்பீர்கள். ஒன்பதில் எழுபத்தொன்று. எழுதியவர்கள் எழுபத்தொன்று. தேறியவர்கள் எழுபது. எட்டாண்டுகளில் ஒருமுறைகூட நூறு வரவில்லை. வராத அந்த நூறை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் துணிச்சல் இன்று எங்களுக்கு வந்திருக்கிறது. இந்த விழா இருபத்தைந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியதற்காக மன்னிக்கவும். தேறாத அந்த ஒரு பிள்ளையின் துணைத்தேர்வு விண்ணப்பத்தை அம்மையார் நிரப்பிக்கொண்டிருந்தார்.

இனி அந்தக் கோப்பு.

அம்மையாருக்குப் பின் பொறுப்பேற்கும் அறிவியல் ஆசிரியர் ஜீனத், மூன்று நாட்களாகக் கோப்புகளைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டிருக்கிறார். இரும்பு அலமாரியின் அடித் தட்டில் பழுப்பு உறை ஒன்று கிடைத்தது. திறந்து படித்தவர், ஒன்றும் பேசாமல் அதை அய்யாத்துரையின் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். உள்ளே இரண்டு தாள்கள். முதல் தாள், எட்டாண்டுகளுக்கு முந்தைய அந்த நவம்பரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பச்சையம்மா தன் கையால் எழுதிய கடிதத்தின் நகல். அதில் இருந்த வரி இது: "மேற்கண்ட ஒன்பது மாணவர்களின் பெயர்களைத் தலைமையாசிரியராகிய நானே என் கவனக்குறைவால் பொதுத் தொகுப்புக்கு அனுப்பிவிட்டேன். ஆசிரியர்கள் எவருக்கும் இதில் தொடர்பில்லை."

இரண்டாம் தாள், அதற்கு வந்த பதில். பெயர்கள் திருப்பித் தரப்படுகின்றன. கவனக்குறைவுக்காகத் தலைமையாசிரியர் எச்சரிக்கப்படுகிறார். இது அவருடைய பணிப்பதிவேட்டில் பதியப்படும். அந்தப் பதிவினால்தான் அடுத்த ஆண்டுப் பதவி உயர்வுப் பட்டியலில் அவருக்குப் பின்னால் இருந்தவர் பெயர் வந்தது. அவர் பெயர் வரவில்லை. அன்று நாங்கள் துக்கம் விசாரித்தபோது, "எனக்கு இன்னாத்துக்கு அந்த சீட்டு? இந்தக் கடல் காத்து அங்க வருமா?" என்று சிரித்தார். நாங்களும் நம்பிச் சிரித்தோம். அவர் உண்மையை எழுதியிருந்தால் இரண்டு ஆசிரியர்களின் வேலை அன்றே போயிருக்கும். "பேசினேன்" என்று அவர் சொன்னது இதைத்தான்.

அய்யாத்துரைக்கு ஐம்பத்தாறு வயது. ஆசிரியர் அறையில், பிள்ளைகள் பார்ப்பார்களே என்ற வெட்கம்கூட இல்லாமல், மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதார். சுப்பராயன் அன்று பொன்னேரி ரயிலைத் தவறவிட்டார்.

அவையோரிடம் பேச வேண்டியது முடிந்தது. இனி உங்களிடம்தான் பேசப் போகிறோம், அம்மா. எழுந்திருக்காதீர்கள்.

உங்களுக்கு மோதிரம் போடலாம் என்று முதலில் நினைத்தோம். வேண்டாம் என்பீர்கள் என்று தெரியும். அதற்குப் பதில் வேறொன்று செய்திருக்கிறோம். இன்று காலை பத்தே காலுக்கு, எண்ணூர் அஞ்சலகத்திலிருந்து, விரைவு அஞ்சலில் துறைக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. அந்த ஒன்பது பெயர்களை அனுப்பியவர்கள் நாங்கள். தலைமையாசிரியர் அந்நேரம் பயிற்சியில் இருந்தார். அவர் பதிவேட்டில் உள்ள எச்சரிக்கையை நீக்கி, அதற்கு உரியவர்கள் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். முதல் கையொப்பம் அய்யாத்துரை. இரண்டாவது சுப்பராயன். அன்று வெளியே நின்று டீ குடித்த ஏழு பேரும் கீழே கையொப்பமிட்டிருக்கிறோம். என்ன வரும் என்று தெரியாது. எது வந்தாலும், நீங்கள் நின்றதுபோல் நிற்போம்.

கோபம் வருகிறது, தெரிகிறது. திட்டுவதாக இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு திட்டுங்கள். நீலா விடியற்காலையே காசிமேட்டுக்குப் போய் வஞ்சிரம் எடுத்து வந்து, பள்ளிக்குப் பின்புறம் அடுப்பு மூட்டியிருக்கிறார். திருவொற்றியூர் ஆய்வுக்கூடத்தில் இரத்தப் பரிசோதனை செய்யும் கார்குழலி அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அன்று "போய் உன் எடத்துல குந்து" என்று அவளை நீங்கள் அனுப்பிய அதே வகுப்பறையில்தான் இன்று பந்தி.

வாயிலில் நின்று வரவேற்ற கால்கள் வலியின்றி நடக்கட்டும்! முட்டி சொன்னபடி கேட்கட்டும்! மழைக்காலத்தில் வியாசர்பாடிச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்காதிருக்கட்டும். மாலை வேளைகளில் மொட்டை மாடிக்குக் கரிப்பொடி படாத காற்று வந்து சேரட்டும்! இதுவரை மணிக்கும் ரயிலுக்கும் எழுந்த நீங்கள், இனித் தூக்கம் கலைந்தால் மட்டும் எழுந்திருங்கள். நூறாண்டு வாழ்க என்று வாழ்த்த ஆசைதான். அந்த எண் உங்களுக்குப் பிடிக்காது என்பதால், எண்ணாமல் வாழ்த்துகிறோம்.

விடைபெறும் முன் ஒரே ஒரு வேண்டுகோள். எட்டாண்டுகளாகப் பூட்டி வைத்திருந்தீர்கள், போதும். அந்தக் கெட்ட பேரை எங்களிடம் கொடுத்துவிடுங்கள், அம்மா.

இங்ஙனம்,
அய்யாத்துரை, சுப்பராயன், ஜீனத்
மற்றும் ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள்,
கழிமுகச் சாலை அரசு உயர்நிலைப் பள்ளி, எண்ணூர்.